ஏரும் நாற்றும் இடம் மாறினால்…

நெல் சாகுபடியில் உழவு, அண்டை வெட்டு, நீர் பாய்ச்சுதல், மூட்டை தூக்குதல் ஆகியவை ஆண்களின் வேலை என்றும், நடவு, களை எடுப்பு, தூற்றுதல், விதையைக் காயவைத்துப் பாதுகாத்தல் ஆகியவை பெண்களின் வேலை என்றும் பிரித்து வைப்பது நீண்ட கால வழக்கம். ஒரே வயலில், ஒரே வெயிலில், ஒரே பயிருக்காக இருவரும் உழைக்கின்றனர். ஆனால் மாலையில் கூலி கொடுக்கும்போது இருவர் கையிலும் ஒரே தொகை விழுவதில்லை. நிலத்தின் பட்டாவிலும் பெரும்பாலும் ஒருவர் பெயர்தான் இருக்கிறது.

"அடுத்த பிறவியிலாவது ஆணாகப் பிறக்க வேண்டும்" என்று நடவு வயலில் பெண்கள் பேசிக்கொள்வது புதிதல்ல. "பெண்ணாகப் பிறந்திருந்தால் கடன்காரனுக்குப் பதில் சொல்லும் தொல்லை இல்லை" என்று ஆண்கள் சொல்வதும் உண்டு. வேடிக்கையாகச் சொல்லும் இந்தப் பேச்சில் ஒரு உண்மை இருக்கிறது. மற்றவர் படும் பாடு என்ன என்பது இருவருக்குமே முழுமையாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதால் சிறு விவசாயக் குடும்பத்திற்கு நேரடியான நன்மை உண்டு.

ஒரு ஏக்கர் கணக்கு

முதலில் உழவைப் பார்ப்போம். நாட்டுக் கலப்பை ஒரு சாலில் ஏறத்தாழ 15 செ.மீ. அகலம் உழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரை ஒரு முறை உழுது முடிக்க ஏர் பிடிப்பவர் சுமார் 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மேழியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு சேற்றில் நடக்கும் நடை இது. கடுமையான வேலை என்பதில் ஐயமில்லை.

இப்போது நடவைப் பார்ப்போம். மத்திய கால நெல் இரகங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 20 செ.மீ.க்கு 10 செ.மீ. அதாவது சதுர மீட்டருக்கு 50 குத்துகள். ஒரு ஏக்கருக்கு இது 2 லட்சம் குத்துகள் ஆகும். ஒரு நாளில் 15 பெண்கள் ஒரு ஏக்கரை நட்டு முடித்தால், ஒவ்வொருவர் பங்கிற்கும் 13,000 குத்துகளுக்கு மேல் வருகின்றன. இடுப்பை வளைத்து, பின்னோக்கி நகர்ந்தபடியே, ஒரே நாளில் 13,000 முறை கை சேற்றில் இறங்கி ஏறுகிறது.

இது பழக்கம் இல்லாதவர் செய்யக்கூடிய வேலையும் அல்ல. நாற்றை ஏறத்தாழ 3 செ.மீ. ஆழத்தில் மேலாக நட்டால்தான் தூர் விரைவில் கட்டும். ஆழமாக அழுத்தி நட்டால் தூர் வெடிப்பது தாமதமாகும். குத்துகள் குறைந்தால் கதிர்கள் குறையும்; மகசூலும் குறையும். உரத்திற்கும் மருந்துக்கும் செய்த செலவு பலன் தருமா என்பது நடவு செய்யும் பெண்ணின் விரல் நுனியில் பெருமளவு அடங்கியிருக்கிறது. இதைத் "திறமை தேவைப்படாத வேலை" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பதற்கு வேளாண்மை அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை.

உடலில் உள்ள வேறுபாடு

ஆணுக்கும் பெண்ணுக்கும் உடலில் வேறுபாடு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சராசரி இந்தியப் பெண், ஆணைவிட 10 முதல் 13 செ.மீ. வரை உயரம் குறைந்தவர். தோள், கை ஆகியவற்றின் வலிமையில் சராசரிப் பெண்ணின் அளவு, ஆணின் அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கும். கால்களின் வலிமையில் இந்த வேறுபாடு இன்னும் குறைவு.

ஆனால் இவை சராசரிக் கணக்குகளே. வலிமை மிக்க பெண்ணும் உண்டு. வலிமை குறைந்த ஆணும் உண்டு. அத்துடன் எல்லாக் குறையும் பிறப்பால் வந்ததும் அல்ல. 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஆண்களில் இது 25 சதவீதம். கடைசியாக உண்பதும், மிஞ்சியதை உண்பதும் பெண்ணின் வழக்கம் என்று வைத்துவிட்டு, அவள் சீக்கிரம் களைத்துப் போகிறாள் என்று குறை சொல்வது நியாயமாகாது. கீரை, முருங்கை இலை, பயறு வகைகள், முட்டை ஆகியவை எல்லோர் தட்டிலும் சமமாக விழவேண்டும். சோகை உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை பெற்றுக்கொள்ளலாம்.

இடத்திற்கு இடம் மாறும் வழக்கம்

நடவு பெண்ணுக்கே இயற்கையாக வரும் வேலை என்று கருதுவோர் பஞ்சாப் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஜூன் மாத நடவிற்குப் பீகாரிலிருந்து இரயிலேறி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் குனிந்து நடும் நடவில்தான் அம்மாநிலத்தின் நெல் விளைகிறது.

ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மண்வெட்டியால் கொத்தி நிலத்தைப் பண்படுத்துவதிலிருந்து அறுவடை வரை பெண்களே பெரும் பங்கு வகிக்கின்றனர். டென்மார்க் நாட்டுப் பொருளாதார அறிஞர் எஸ்டர் போஸரப் 1970இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். மண்வெட்டி விவசாயம் உள்ள இடங்களில் பெண்களும், ஏர் விவசாயம் உள்ள இடங்களில் ஆண்களும் முன்னிற்பதை அவர் எடுத்துக்காட்டினார். வேலைப் பிரிவினையில் உடலின் பங்கு கொஞ்சம்தான். கருவிக்கும் வழக்கத்திற்கும் உள்ள பங்கே அதிகம் என்பது இதிலிருந்து விளங்கும்.

கருவி வந்தது, கை மாறியது

இதற்கு நம் வயலிலேயே சான்று உண்டு. 2000ஆம் ஆண்டிற்குப் பிறகு தமிழகத்தில் திருந்திய நெல் சாகுபடி பரவியது. 14 நாள் வயதுள்ள ஒற்றை நாற்றை 25 செ.மீ.க்கு 25 செ.மீ. இடைவெளியில் நட்டு, கையால் களை பறிப்பதற்குப் பதிலாகக் கோனோ களைக்கருவியை வரிசைகளுக்கிடையே உருட்டுவது இதன் முறை. குனிந்து கையால் களை எடுத்த வரையில் அது பெண்களின் வேலையாக இருந்தது. கூலியும் குறைவாக இருந்தது. நின்றபடி தள்ளும் கருவி வந்ததும் பல ஊர்களில் அது ஆண்களின் வேலையாகிவிட்டது, கூலியும் உயர்ந்தது. பெண்களுக்குக் கிடைத்துவந்த களை எடுப்பு நாட்கள் குறைந்தன.

அதே வயல், அதே களை. மாறியது கருவியும் அதைப் பிடித்த கையும் மட்டுமே. ஏருக்குப் பதில் டிராக்டர் வந்தபோது ஆணின் 27 கிலோமீட்டர் நடை குறைந்தது. பெண்ணின் வேலைக்கு இயந்திரம் வந்தபோதோ பல இடங்களில் அவள் சுமை குறைவதற்குப் பதில் அவள் வருமானமே குறைந்தது. கருவி தேவையில்லை என்பது இதன் பொருளல்ல. அதை இயக்கும் பயிற்சியைப் பெண்களுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதே பாடம்.

பயிற்சி கொடுத்தால் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய "தென்னை மரங்களின் நண்பர்கள்" திட்டத்தில், கருவியின் உதவியால் மரம் ஏறுவதற்கு ஆண்களுடன் பெண்களும் பயிற்சி பெற்றனர். தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்கே உரியது எனக் கருதப்பட்ட தொழில் அது.

ஆணாக வாழ்ந்த பெண்கள்

பெண் ஆணாக வாழ்ந்தால் என்ன நேரும் என்பது கற்பனைக் கேள்வி மட்டுமல்ல. ஐரோப்பாவில் அல்பேனியா நாட்டின் வடக்கு மலைப் பகுதியில் ஆடு மேய்த்தும் சிறு நிலங்களில் பயிர் செய்தும் வாழும் மக்களிடம் ஒரு பழைய வழக்கம் இருந்தது. அவர்களுடைய பரம்பரைச் சட்டத்தின்படி பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லை. வீட்டில் ஆண் வாரிசு இல்லாது போனால், மகள் ஒருத்தி ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாழ்நாள் முழுவதும் திருமணம் செய்துகொள்வதில்லை என்று சத்தியம் செய்வாள். தலைமுடியை வெட்டி, ஆண் உடை அணிந்து, குடும்பத் தலைவனாக வாழ்வாள். அதன்பின் நிலம் அவள் பொறுப்பில் வரும், துப்பாக்கி ஏந்தலாம், ஆண்கள் சபையில் சமமாக அமரலாம். இன்று அவ்வாறு வாழும் முதியவர்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.

எகிப்து நாட்டின் லக்சர் பகுதியைச் சேர்ந்த சிசா அபு தாவூ என்ற பெண்மணி 1970களில் கர்ப்பிணியாக இருந்தபோது கணவரை இழந்தார். பெண்கள் கூலி வேலைக்குப் போவதை அங்குள்ள சமூகம் ஏற்கவில்லை. பிறந்த மகளைக் காப்பாற்ற அவர் ஆண் உடை அணிந்து செங்கல் சூளையிலும் கோதுமை அறுவடையிலும் உழைத்தார். பிற்காலத்தில் காலணி துடைக்கும் தொழில் செய்தார். இப்படி 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவரை 2015இல் எகிப்து அரசு சிறந்த தாய் எனப் பாராட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. உடை மாறியபின் இவர்கள் உடலில் புதிய வலிமை ஏதும் வந்துவிடவில்லை. அதே கைகள்தான் நிலத்தைக் காத்தன. அதே தோள்கள்தான் கதிர்க்கட்டைச் சுமந்தன. முன்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது வேலையும் நிலமுமே. அதைப் பெறுவதற்காக ஒரு பெண் தன் அடையாளத்தையே மறைக்க வேண்டியிருந்தது என்றால், குறை பெண்ணிடம் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது.

தம் மன இயல்பினாலேயே மறுபாலினராக வாழும் திருநங்கையர், திருநம்பியர் நிலை இதிலிருந்து வேறுபட்டது. தமிழகம் 2008இல் அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2014இல் அவர்கள் உரிமையை உறுதி செய்தது. உழைக்க வரும் அவர்களுக்கும் வயலில் இடமும் உரிய கூலியும் உண்டு.

புளியங்கொட்டைக் கணக்கு

மற்றவர் வாழ்க்கையை அறிந்துகொள்ள உடை மாற்ற வேண்டிய அவசியமில்லை. வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் கிராமங்களில் கையாளும் எளிய முறை ஒன்றை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் தடையில்லை.

திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு பெரிய வட்டங்கள் போட வேண்டும். ஒன்று கணவரின் நாள். மற்றொன்று மனைவியின் நாள். ஒவ்வொரு வட்டத்திற்கும் 24 புளியங்கொட்டைகள். ஒரு கொட்டை ஒரு மணி நேரம். வயல் வேலை, மாடு கன்று, தண்ணீரும் விறகும், சமையல், பிள்ளைகள், வெளி வேலை, ஓய்வு, தூக்கம் என்று வட்டத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மனைவியின் நாளைக் கணவரும், கணவரின் நாளை மனைவியும் நிரப்ப வேண்டும். முடிந்தபின் அவரவர் நாளை அவரவரே திருத்த வேண்டும். எந்தக் கொட்டைகள் இடம் மாறுகின்றன என்று பார்த்தால் போதும், விளக்கம் தேவைப்படாது.

நாடு முழுவதற்கும் இத்தகைய கணக்கு எடுக்கப்பட்டுள்ளது. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதில் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். வயலிலிருந்து திரும்பிய பிறகும் பெண்ணுக்கு இன்னொரு வேலை நாள் காத்திருக்கிறது.

அடுத்த படியாக, ஒரு நாள் மட்டும் சில வேலைகளை மாற்றிச் செய்து பார்க்கலாம். கணவர் ஒரு சென்ட் நிலத்தில் நடவு நட்டுப் பார்க்கட்டும். ஒரு சென்ட் என்றால் 2,000 குத்துகள். மறுநாள் இடுப்பு சொல்லும் செய்தியை எந்தப் புத்தகமும் சொல்லாது. தொழுவம் கூட்டி, சமையலையும் முடித்துவிட்டு வயலுக்குப் போகட்டும். மனைவி மடை திருப்பி நீர் பாய்ச்சட்டும். கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்று உரம் வாங்கி, கடன் கணக்கைக் கேட்டு வரட்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை போடுவதையும் விலை வைப்பதையும் நேரில் பார்க்கட்டும்.

இது விளையாட்டல்ல. குடும்பத் தலைவர் திடீரெனப் படுத்துவிட்டால் அல்லது காலமாகிவிட்டால், எந்த வங்கியில் எவ்வளவு கடன், பத்திரம் எங்கே, காப்பீட்டுப் பிரீமியம் கட்டப்பட்டதா என்று தெரியாமல் தவித்து, கைக்கு வந்த விலைக்கு நிலத்தை விற்ற குடும்பங்கள் பல. மனைவி நோயுற்றபோது விதைப்பானை எது, எந்தப் பசு எப்போது சினைக்கு வரும் என்று தெரியாமல் விழித்த ஆண்களும் உண்டு. இருவருக்கும் இரண்டும் தெரிந்திருப்பதே குடும்பத்திற்குப் பாதுகாப்பு.

உடனே செய்யக்கூடியவை

1. கூலி: அரசியல் சட்டத்தின் 39ஆவது பிரிவு சம வேலைக்குச் சம ஊதியத்தை வலியுறுத்துகிறது. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே கொள்கை இடம் பெற்றது. 2005இன் சட்டப்படி நடைபெற்ற நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வழங்கப்பட்டது. தமிழகத்தில் அவ்வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்களுடையவை. வேலை நேரம் வேறு வேறு என்று காரணம் சொல்வோர் மணிக் கணக்கில் கூலி பேசலாம். நடவையும் களை எடுப்பையும் ஏக்கர் கணக்கில் பேசினால், செய்த வேலைக்கே கூலி. செய்தவர் யார் என்பது கணக்கில் வராது.

2. கருவி: கடையில் கிடைப்பதை அப்படியே வாங்காமல், பயன்படுத்தப் போகிறவரையே அழைத்துச் சென்று கையில் பிடித்துப் பார்க்கச் செய்ய வேண்டும். பிடி கைக்குள் அடங்க வேண்டும். தள்ளும் கருவியின் கைப்பிடி உயரத்தை ஆளுக்கேற்ப மாற்ற முடிய வேண்டும். மானாவாரி நிலத்தில் நின்றபடி களை எடுக்கும் நீண்ட பிடிக் களைக்கருவி, எடை குறைந்த பல் அரிவாள், மக்காச்சோளம் உதிர்க்கும் குழாய், உட்கார்ந்து இயக்கும் நிலக்கடலை உடைப்பான் ஆகியவை பெண்களின் சுமையைக் குறைக்கும். பெண்களின் வேளாண் பணிகளை ஆராய்வதற்கென்றே 1996 முதல் புவனேசுவரத்தில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது.

3. மருந்து தெளிப்பு: 16 லிட்டர் தெளிப்பானை நிரப்பினால் தோளில் ஏறும் சுமை 20 கிலோவை நெருங்கும் அல்லது தாண்டும். சுமக்க முடிந்த அளவு மட்டும் நிரப்புவது இருவருக்கும் நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருந்து கலக்கவோ தெளிக்கவோ, தெளித்த வயலில் உடனே இறங்கவோ கூடாது.

4. பட்டா: 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பண்ணைகளில் பெண்கள் பெயரில் உள்ளவை ஏறத்தாழ 14 சதவீதமே. நிலத்தில் பெயர் இல்லையென்றால் பயிர்க்கடன், காப்பீடு, நிவாரணம் எல்லாமே சிக்கல்தான். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டம் தமிழகத்தில் 1989இலேயே வந்தது. அதற்கு முன் மணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இன் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. புதிதாக நிலம் வாங்குவோர் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்வது நல்லது. பெண்கள் பெயரிலேயே வாங்கினால், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகையைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைப்படுத்தியது.

5. சாகுபடிக் கணக்கு: வரவு செலவு எழுதும்போது குடும்பப் பெண்களின் உழைப்பு நாட்களையும் கூலியாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலையை நிர்ணயிக்கும்போது அரசே குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்துப் பார்க்கிறது. எழுதாமல் விட்டால், நட்டமான பயிர்கூட இலாபம் தந்ததுபோல் தோன்றும்.

விளைச்சலுக்கும் வழி

இது பெண்களுக்குக் காட்டும் இரக்கம் அல்ல. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், நிலம், விதை, உரம், கடன், பயிற்சி ஆகியவை ஆண்களுக்குக் கிடைக்கும் அளவிற்குப் பெண்களுக்கும் கிடைத்தால், வளரும் நாடுகளில் பெண்களின் பண்ணை மகசூல் 20 முதல் 30 சதவீதம் வரை உயரக்கூடும் என்று மதிப்பிட்டது.  2026ஆம் ஆண்டை ஐ.நா. சபை பன்னாட்டுப் பெண் விவசாயி ஆண்டாக அறிவித்ததும் இதனால்தான்.

வண்டியின் இரு மாடுகளில் ஒன்றின் கழுத்தில் மட்டும் பாரத்தை ஏற்றினால் வண்டி நேராக ஓடாது என்பதை விவசாயிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வயலில் அறிந்த அந்த உண்மையை வீட்டிலும் கடைப்பிடித்தால் குடும்பமும் பயிரும் ஒருசேரச் செழிக்கும். வரும் நடவுப் பருவத்திற்கு முன் ஒரு மாலைப் பொழுதில் திண்ணையில் இரண்டு வட்டங்கள் போட்டு, 48 புளியங்கொட்டைகளுடன் ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் இந்தக் கணக்கைத் தொடங்கலாம்.